ஒன்பதாவது பத்தி

புக்கிட் பாத்தோக்கில் காலை ஆறு மணிக்குப் புட்டு மாயம் சாப்பிட வேண்டுமென்றால் பிரிஜட்டின் கடைக்குத்தான் போக வேண்டும். ஊர்ப்பக்கம் இடியாப்பம் என்பார்கள். இங்கே சீனருக்கும் மலாய்க்காரருக்கும் தமிழருக்கும் அது புட்டு மாயம்தான். காப்பிக்கடையின் கழிவறை ஓரத்து ஸ்டால், வாடகை குறைவு என்று இருபது வருடத்துக்கு முன் பிடித்தது. அரிசி மாவை வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, கை பொறுக்கிற சூட்டிலேயே அச்சில் அடைத்துப் பிழிந்துவிட வேண்டும். ஆற விட்டால் கல்லாகிவிடும். மெஷின் வாங்கச் சொல்லாத ஆள் இல்லை. மெஷின் பிழிந்தது பல்லில் ஒட்டும் என்று அவள் கேட்கவில்லை. அதனால் வலது மணிக்கட்டு வருடம் முழுக்க வீங்கியே இருக்கும். அந்தக் கையோடுதான் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசையில் முழந்தாளிட்டு இருப்பாள்.

அவள் புருஷன் மரியஅந்தோணி பஸ் ஓட்டுகிறவர். ஒரே மகள் ரெனீ, இருபத்தெட்டு வயது, பாலிகிளினிக்கில் கவுண்டர் வேலை. மூன்று பேரும் புக்கிட் பாஞ்சாங்கில் பதினோராம் மாடியில் இருந்தார்கள். ரெனீ இந்த ஜனவரியில் கோயில் கல்யாணம் முடிந்து மார்சிலிங்கில் புது வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள்.

இந்த ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் வீடு வந்துவிடும். காதலிக்கிறவர்கள் முதலில் அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போடுவார்கள். நாலைந்து வருடம் கழித்துச் சாவி வரும். சாவி கையில் வேண்டுமென்றால் கல்யாணம் பதிவான தாள் வேண்டும். அதனால் ரோம் என்கிற கல்யாணப் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவரவர் வீட்டுக்குத் திரும்பி, அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார்கள். கேட்டால், "ரோம் ஆச்சு, கல்யாணம் இன்னும் ஆகல" என்பார்கள். அரசாங்கத்துக்கு அவள் பெண்டாட்டி, அம்மாவுக்கு அவள் இன்னும் குமரி. இந்த இரண்டு கணக்கும் ஒருநாளும் முட்டிக்கொள்ளாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

ரெனீக்கும் மார்வினுக்கும் பிப்ரவரியில் பதிவு, ஏப்ரலில் சாவி, ஜூனில் வீட்டுச் செபம். அக்டோபரில் மார்வின் தன் அம்மா மிரண்டாவை அழைத்துக்கொண்டு வந்தான். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, "ஆன்ட்டி, என்னால முடியல. நான் ரெடி இல்ல" என்றான். வேறு பெண்ணா என்று கேட்டதற்கு இல்லை என்றான். பிறகு ஏன் என்று கேட்டதற்கும் தெரியவில்லை என்றான். மிரண்டா அழுதாள். ரெனீ அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் தொடக்கத்தில் பிரிஜட் மகளைக் கூட்டிக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் போனாள். காய்கறிக் கடைக்கு மேல் மாடியில் வக்கீல் அனுப்ரியாவின் அலுவலகம். முப்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் பாதி சாப்பிட்ட வடை. மழைக்கு ஜன்னலைச் சாத்தியிருந்ததால் கீழே இருந்து வெங்காய வாடை மேலேயே நின்றது.

"டிவோர்ஸ் கேக்கணும்னா கல்யாணம் ஆகி மூணு வருஷம் ஆகணும், ஆன்ட்டி. உங்களுக்கு ஒரு வருஷம்கூட ஆகல. முன்னாடியே வேணும்னா கோர்ட்ல தனியா பெர்மிஷன் கேக்கணும். அடி உதைன்னு பெரிய கஷ்டம் இருந்தாத்தான் கிடைக்கும்."

"அடியெல்லாம் இல்ல மா. நல்ல பையன்தான்," என்றாள் பிரிஜட். சொன்ன பிறகு, அவனுக்கு எதற்கு நற்சாட்சி கொடுக்கிறோம் என்று எரிச்சல் வந்தது.

"அப்போ அனல்மென்ட். கல்யாணமே செல்லாதுன்னு கேக்குறது. அதுக்குக் காத்திருக்க வேணாம், ஆனா காரணம் வேணும். ரெனீ, யாராச்சும் மிரட்டிக் கையெழுத்து வாங்கினாங்களா?"

"இல்ல."

"அவரு மனநோய், தொத்து நோய் ஏதாவது மறைச்சாரா? நீங்க அந்த டைம்ல வேற ஒருத்தரால கர்ப்பமா இருந்தீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாரையும் கேக்குறதுதான்."

பிரிஜட் சிலுவை போட்டுக்கொண்டாள். ரெனீ தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்போ மிச்சம் ஒண்ணுதான். கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா சேரவே இல்ல, ஒருத்தர் அதுக்கு மறுத்தாருன்னா கேக்கலாம். கோயில் கல்யாணத்துக்கு அப்புறம்தான் சேர்ந்திருக்கணும்னு பேசி வச்சுட்டு, அவரு அந்தக் கல்யாணத்துக்கே வர மாட்டேன்னா, அதையே மறுத்ததா எடுத்துக்கலாம். இந்த மாதிரி நெறைய வருது லா."

"அதேதான் மா," என்று பிரிஜட் நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். "ஒண்ணுமே நடக்கல. நாங்க அப்படி வளர்க்கல. பேப்பர்ல டிவோர்ஸ்னு வராதுல்ல?"

"வராது ஆன்ட்டி. ஆனா பதில் ரெனீதான் சொல்லணும். ஒரு தடவைகூட இல்லையா ரெனீ?"

ரெனீ மேசை மேலிருந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யோசிச்சு சொல்றேன் மிஸ்."

அனுப்ரியா பேனாவை மூடினாள். "சரி. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இது சத்தியம் பண்ணிக் குடுக்குற பத்திரம். பொய்யா இருந்தா அது குத்தம். எனக்குப் பொய்னு தெரிஞ்சா நான் ஃபைல் பண்ண மாட்டேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பிரிஜட் மகளைத் திட்டிக்கொண்டே வந்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள் என்று. ரெனீ ரயில் கண்ணாடியில் வழிந்த மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிரிஜட்டுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகள் மறுபடியும் கல்யாணமாகாத பெண்ணாக வேண்டும். கோயிலில் யார் கேட்டாலும், "அது சும்மா வீட்டுக்காகப் போட்ட கையெழுத்து, கேன்சல் ஆயிடுச்சு" என்று தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும். அதற்கு இந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த வார்த்தை வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ரெனீ கடைக்கு ஒத்தாசைக்கு வந்தாள். விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் இல்லை. எதிரே டீ, காப்பி போடுகிற தண்ணீர்க் கடை ஜலாலுதீன் பாய் கைகட்டி நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெனீ தேங்காய்த் துருவலில் உப்பு கலந்தாள். பிரிஜட் மாவை அடைத்துப் பிழிந்துகொண்டே பேச்சை எடுத்தாள்.

"அந்த வக்கீல் பொண்ணுக்கு இன்னும் பதில் சொல்லலையா?"

"மா, மார்சிலிங்ல அன்னைக்கு ராத்திரி அப்பா இல்ல."

"எந்த ராத்திரி?"

"வீட்டுச் செபம் பண்ணினோமே, அன்னைக்கு."

பிரிஜட்டின் கை அச்சின் மேலேயே நின்றது. அன்றைக்கு நடந்தது முழுக்க அவள் ஏற்பாடு. ஃபாதர் வந்து வீட்டை மந்திரித்து, பால் காய்ச்சி, இருதய ஆண்டவர் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. எல்லாரும் கிளம்பும்போது, செபம் பண்ணின வீட்டை அன்றைக்கே பூட்டிப் போட்டால் அந்த வீடு விளங்காது, அதில் வாழப் போகிறவர்கள் ஒரு ராத்திரியாவது படுத்து எழுந்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். மிரண்டாகூட, "கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாமே" என்றாள். பிரிஜட் கேட்கவில்லை. தனக்கு மறுநாள் மாவு வேலை இருந்ததால் புருஷனைக் காவலுக்கு வைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கினாள்.

"எட்டு மணிக்கு டிப்போல இருந்து கால் வந்துச்சு. யாரோ உடம்பு சரியில்லன்னு எம்சி போட்டுட்டாங்க, ஆள் இல்லன்னு. அப்பா போயிட்டாங்க. காலையிலதான் வந்தாங்க."

"நீங்க ரெண்டு பேருமா இருந்தீங்க?"

"ஆமா."

"ரெனீ."

"ஆமாம்மா. நீங்க நெனைக்கிறதுதான்."

மழைச் சத்தம் பெரிதாக இருந்தது நல்லதாயிற்று. பிரிஜட் மகளை அறையவில்லை, அழவில்லை. அச்சில் இருந்த மாவு ஆறிக் கெட்டியாகிவிட்டது. அதைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டாள். யாரைத் திட்டுவது என்று தேடித் தேடி அவள் தன்னிடமே வந்து சேர்ந்தாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க யாருக்கும் பாவமாக இருந்திருக்கும்.

"ஒரு தடவைதானே?" என்று கேட்டாள்.

"எண்ணிக்கையெல்லாம் கேக்குறீங்களா மா?"

"யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

புதுத் தட்டு ஒன்று வேகிற நேரம்தான் எடுத்துக்கொண்டாள். இருபது வருடமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிற மனுஷி, மூடியைத் திறந்து ஆவியை ஊதிவிட்டு, "அப்போ நடக்கலன்னே எழுதிடு" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முதல் பிடிதான் கஷ்டம் போலிருக்கிறது.

"மார்வின் ஒத்துக்க மாட்டான்."

"அவன்தானே வேண்டாம்னு போனான். அவனுக்கும் சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானே?"

"அன்னைக்கு அவன் அழுதான் மா. இனிமே நாம புருஷன் பொண்டாட்டி, கோயில்ல பண்றது ஊருக்காகன்னு சொன்னான். விளக்கு இல்லாத வீடு, அந்த மெழுகுவர்த்தி மட்டும்தான். தரையில அட்டைப்பெட்டியப் பிரிச்சுப் போட்டுப் படுத்தோம்." ரெனீ குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவன் என்னை வேண்டாம்னு சொல்லலாம். அது நடக்கலன்னு சொல்ல மாட்டான். நான் மெசேஜ் போட்டிருக்கேன். லாயர் இப்படி எழுதணும்னு சொல்றாங்க, உனக்கு ஓகேயான்னு. வெயிட் பண்ணிப் பாருங்க, முடியாதுன்னுதான் வரும்."

"முடியாதுன்னு வந்தா உனக்கு என்னடி லாபம்? இன்னும் ரெண்டு வருஷம் அவன் பேரைக் கட்டிக்கிட்டு இருக்கணும்."

"இருந்துட்டுப் போறேன்."

பிரிஜட்டுக்கு அது விளங்கவில்லை. மகள் அவன் திரும்பி வருவான் என்று காத்திருக்கிறாளோ என்று பயந்தாள். ரெனீ அப்படிக் காத்திருக்கவில்லை. அவளுக்கு வேண்டியது அதைவிடச் சின்னது. அந்த ஒரு ராத்திரி உண்மை என்று அவனும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருடக் காதலில் கையில் மிஞ்சியது அதுதான். அதையும் பொய் என்று எழுதிக் கொடுக்க அவன் மனம் வராது என்று நம்பினாள். இதைக்கூட நம்பாவிட்டால் வேறு எதை நம்புவாள்?

அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை. இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலிச் சம்பலும் ரசமும் சோறும் மேசையில் இருந்தன. மரியஅந்தோணி சீருடையோடே சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"உங்கள நம்பித்தானே விட்டுட்டு வந்தேன்?" என்றாள் பிரிஜட். "ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா நீ அந்நேரத்துக்கு டாக்சி பிடிச்சு வந்திருப்ப."

"வந்துதான் இருப்பேன்."

"பிரிஜட், ரெண்டு பேரும் ரோம்ல கையெழுத்துப் போட்டவங்க. நான் போய் நடுவுல பாய் போட்டுப் படுக்கவா? டிப்போல கூப்பிட்டாங்க, போனேன். கூப்பிடலைன்னாலும் கீழ போய் காப்பிக்கடையில உக்காந்திருப்பேன்."

"பேசுறீங்களே, வெக்கமா இல்ல? சாமி முன்னால இன்னும் கல்யாணம் ஆகாத புள்ளைங்க."

"அப்போ கவர்மென்ட் முன்னால ஆனது என்னா, விளையாட்டா? ஆகலன்னு நீ சொல்ற. ஆச்சுன்னு பேப்பர் சொல்லுது. இப்ப அந்தப் பேப்பரை ஆகலன்னு சொல்ல வைக்க அலையிற. ஒருநாள் ஒரு பக்கம் நில்லு."

அவருக்கு அவ்வளவு பேச்சு வரும் என்று பிரிஜட்டே எதிர்பார்க்கவில்லை. அதற்குள் ரெனீயின் போன் தட்டுக்குப் பக்கத்தில் ஒளிர்ந்தது. ரெனீ எடுத்துப் படித்தாள். பிறகு சத்தமாகவும் படித்தாள்.

"ஓகே, கேன். நத்திங் ஹேப்பென்ட்னே போட்டுடலாம். எங்க வந்து சைன் பண்ணணும்?"

"அவ்வளவுதானா?" என்றார் மரியஅந்தோணி.

"அவ்வளவுதான்பா."

"மாதாவே, தோத்திரம்," என்றாள் பிரிஜட். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள், பார்த்தும் திருப்பி எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை. ரெனீ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். மரியஅந்தோணியால்தான் சாப்பிட முடியவில்லை.

திங்கட்கிழமை ரெனீ வக்கீலைத் தனியாகப் போய்ப் பார்த்து, ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னாள். மூன்று முறை கேட்டுக்கொண்டுதான் அனுப்ரியா எழுத ஆரம்பித்தாள். மார்வின் தகராறு செய்யப்போவதில்லை என்று அவன் தரப்பிலிருந்தும் தகவல் வந்தது. மார்சிலிங் வீடு திரும்ப அரசாங்கத்துக்கே போகும் என்றார்கள்.

ஜனவரியில், கோயிலுக்குக் குறித்திருந்த தேதிக்கு நாலு நாள் முன்னால், சத்தியம் செய்யக் கூப்பிட்டார்கள். கீழே தெருவெல்லாம் பொங்கல் பானையும் கரும்பும் குவிந்து கிடந்தன. பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. பிரிஜட்டுக்காக அனுப்ரியா ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னாள். பேர், வேலை, பதிவு செய்த தேதி, வீடு, கோயிலில் முன்பதிவு செய்தது, அவன் மறுத்தது. ஒன்பதாவது பத்திக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்திப் படித்தாள்.

"கல்யாணம் பதிவான நாள்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் நானும் அவரும் ஒருநாளும் ஒரே வீட்டுல புருஷன் பொண்டாட்டியா இருந்ததில்ல, ஒரு தடவைகூடச் சேர்ந்ததில்ல. இதுல மாத்தறதுக்கு ஏதாவது இருக்கா ரெனீ?"

"இல்ல மிஸ்."

சத்தியம் வாங்குகிறவர் அடுத்த மாடியில் இருந்த வேறொரு வக்கீல். படியேறும்போது பிரிஜட் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பைபிளைத் தொடாத, என்னா? தொடாம வெறும் உறுதிமொழியாவும் சொல்லலாமாம். விசாரிச்சிட்டேன்."

"தொடாம சொன்னா பொய் இல்லையா மா?"

"பொய்தான். அதைப் பாவசங்கீர்த்தனத்துல பாத்துக்கலாம். புத்தகத்தைத் தொட்டுட்டா எப்படிடி?"

ரெனீ கையை விடுவித்துக்கொண்டு ஏறினாள். உள்ளே வயதான ஒருவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, கிறிஸ்தவரா, சத்தியமா உறுதிமொழியா என்று ஆங்கிலத்தில் கேட்டார். திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் பிரிஜட் உட்கார்ந்திருந்தாள். ரெனீ சத்தியம் என்றாள். அவர் நீட்டிய பைபிளை வலது கையில் வாங்கிக்கொண்டாள். எழுதியிருப்பதெல்லாம் உண்மை, கடவுள் துணை என்று தெளிவாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். கிளினிக்கில் வரிசை எண்ணைக் கூப்பிடுகிற குரல் அது. முத்திரை குத்தி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து ஒரு கடையில் உட்கார்ந்தார்கள். ரெனீ இரண்டு டீ சொன்னாள். பிரிஜட்டின் டீ ஆடை கட்டிக்கொண்டு அப்படியே இருந்தது.

"எல்லாம் முடிய எத்தனை மாசம்னாங்க?"

"கோர்ட் ஒத்துக்கிட்டப்புறம் ஒரு மூணு மாசம். அதோட முடிஞ்சிரும்."

"சரி." பிரிஜட் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "தொடாதன்னு சொன்னேனே. ஏன்டி தொட்ட? நான்தானே உன்ன இதுல எறக்கிவிட்டேன். அன்னைக்கு அங்க படுன்னு சொன்னதும் நான். இன்னைக்கு இல்லன்னு சொல்லச் சொன்னதும் நான். ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சியோட போய் ஃபாதர் கையால நன்மை வாங்குவேன்? உனக்கு ஒரு வழி பண்ணிட்டு நான் நரகத்துக்குப் போனாலும் பரவால்ல. நீயும்ல வருவ."

அவள் அழுதாள். பக்கத்து மேசைக்காரர்கள் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மணிக்கட்டு வீங்கிய கை மேசை மேல் கிடந்தது. அம்மா இப்படி அழுது ரெனீ பார்த்ததில்லை. மார்வின் மேல் இருந்த கோபம், அம்மா மேல் இருந்த கோபம் எல்லாம் வடிந்து, அந்தக் கையைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை.

"மா. இங்க பாருங்க. அன்னைக்கு ஒண்ணும் நடக்கல."

பிரிஜட் நிமிர்ந்தாள்.

"உங்க மேல கோவத்துல சொன்னேன். எப்பப் பாத்தாலும் என் வளர்ப்பு என் வளர்ப்புன்னு சொல்றீங்கல்ல, அதான். அவன் ஹால்ல படுத்தான், நான் ரூம்ல படுத்தேன்."

"அப்போ அட்டைப்பெட்டி, மெழுகுவர்த்தி…"

"கதை விட்டேன்."

"சத்தியமா?"

"இப்பத்தானே பைபிள் மேல பண்ணினேன். பொய்யா இருந்தா தொட்டிருப்பேனா? நான் உங்க பொண்ணு லா."

பிரிஜட் மகளின் கண்ணையே பார்த்தாள். நம்பலாமா என்று கேட்கிற பார்வை இல்லை அது. நம்புவதற்கு ஒரு இடம் கிடைத்துவிட்ட பார்வை. தோள் இறங்கிற்று. மூக்கைச் சிந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்டி," என்றாள். "என் மனசு சொல்லிச்சு, நீ அப்படிப்பட்டவ இல்லன்னு. இத்தனை நாளா என்னை வதைச்சிட்டியே, பாவி." டீயை ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று சொல்லச் சொன்னாள். வடை இருக்கிறதா என்று கேட்டாள்.

பிறகு போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓய்வில் இருந்தார். "என்னங்க, எல்லாம் முடிஞ்சிச்சு. கேளுங்க, அன்னைக்கு ஒண்ணுமே நடக்கலையாம். சும்மா சொன்னாளாம். நீங்கதான் வேலைக்குப் போனீங்களே தவிர, புள்ள ஒழுங்காத்தான் இருந்திருக்கு." அவர் அந்தப் பக்கமிருந்து ஏதோ சொன்னார். பிரிஜட் போனை மகளிடம் நீட்டினாள். "உன்கிட்ட பேசணுமாம்."

"சொல்லுங்கப்பா."

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டார் மரியஅந்தோணி. "காலையில நான் வந்து கதவைத் தொறக்கிறப்போ பாத்தேனே. ரெண்டு பேரும் எவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

எதிரே அம்மா வடையைப் பிய்த்து, பெரிய துண்டை அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ராத்திரியைத் தெரிந்தவர் இன்னும் ஒருவர் இருப்பார்.

"இல்லப்பா," என்றாள் ரெனீ. "அன்னைக்கு ஒண்ணும் நடக்கல."

காலையிலிருந்து அவள் அதைச் சொல்வது மூன்றாவது தடவை. இந்தத் தடவை கொஞ்சமும் கஷ்டப்படாமல் வந்தது.